1/32 மஸ்கிட்டோ கிட் வந்துவிட்டது, ஆரம்பிக்கத்தான் தைரியம் வரவில்லை

மரப்பறவை:
வணக்கம் நண்பர்களே. டமியா நிறுவனத்தின் 1/32 (நிஜத்தில் 32-இல் ஒரு பங்கு அளவு) மஸ்கிட்டோ எஃப்.பி. மார்க் 6, இரண்டாம் உலகப்போர் கால பிரிட்டிஷ் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல், எத்தனையோ வருடமாக ஆசைப்பட்ட கிட், ஒருவழியாகக் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஸ்ப்ரூவாக (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) எடுத்துப் பார்த்தேன், கையேட்டைப் புரட்டினேன், அப்படியே திரும்ப அடுக்கி மூடி வைத்துவிட்டேன். இதுவரை நான் கட்டியதெல்லாம் 1/72 ஒற்றை எஞ்சின் விமானங்கள். அவற்றில் காக்பிட் என்றால் ஒரு இருக்கை, ஒரு ஸ்டிக், கருவிப் பலகைக்கு ஒரு டெகால் (நீரில் நனைத்து ஒட்டும் படம்), அவ்வளவுதான். இதில் இரண்டு மெர்லின் எஞ்சின்களும் குழாய் முதற்கொண்டு முழுதாக இருக்கின்றன, எட்ச் செய்த (ரசாயனத்தால் அரித்து உருவாக்கிய மெல்லிய பாகங்கள் உள்ள) உலோகத் தகடு வேறு. கெடுத்துவிட்டால் மனசு ஆறாது. கை நன்றாகப் பழகும் வரை வைத்திருப்பதா, இப்போதே ஆரம்பிப்பதா? ஆரம்பித்தால் எங்கிருந்து?

பழைய ப்ரொப்பெல்லர்:
முதலில் வாழ்த்துகள், அருமையான கிட். ஆரம்பியுங்கள் என்றுதான் சொல்வேன். எல்லா ஸ்ப்ரூவையும் ஒரே நேரத்தில் பார்த்தால் யாருக்கும் மலைப்பு வரும், அதனால் ஒரு எஞ்சினுக்கு வேண்டிய ஸ்ப்ரூக்களை மட்டும் வெளியே எடுத்து மற்றதைக் கண்ணில் படாமல் வையுங்கள். அந்த எஞ்சினையே ஒரு தனி கிட்டாக நினைத்துக் கட்டி, பெயின்ட் அடித்து முடித்துவிடுங்கள். உங்கள் மனசுக்கு அது திருப்தியாக வரவில்லை என்றாலும் கவலை இல்லை, எஞ்சின் மூடிகளைக் காந்தம் வைத்துக் கழற்றி மாட்டும்படிதான் கொடுத்திருக்கிறார்கள், மூடிவிடலாம்.

அதற்கு முன் ஸ்ப்ரூக்களை வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவிக் காயவையுங்கள், அச்சில் பூசும் எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயின்ட் பிடிக்காது. கையேட்டை ஒருமுறை கடைசிப் பக்கம் வரை படித்து, ஒட்டுவதற்கு முன்னாலேயே பெயின்ட் அடிக்க வேண்டிய பாகங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பாகங்களை முன்கூட்டியே வெட்டி வைக்காதீர்கள், ஸ்ப்ரூவை விட்டுப் பிரிந்தால் எண் தெரியாது.

இன்னொன்று, 1/72 கட்டியவர்களுக்குப் பெரிய அளவு கஷ்டம் என்று ஒரு எண்ணம் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. நிஜ மஸ்கிட்டோவின் இறக்கை அகலம் 16.5 மீட்டர். அது 1/72-இல் 23 செ.மீ., 1/32-இல் சுமார் 52 செ.மீ. பாகங்கள் அதற்கேற்பப் பெரிதாக இருப்பதால் பிடிக்கவும் ஒட்டவும் தேய்க்கவும் எளிது. வேலை அதிகம், உண்மைதான். ஆனால் நுணுக்கத்தில் நீங்கள் ஏற்கெனவே செய்ததைவிடக் கடினமில்லை.

நீலவானம்:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எட்ச் பாகம் இதுவரை தொட்டதே இல்லை, ஏர்பிரஷ் (பெயின்ட் தெளிக்கும் கருவி) புதுசு என்றால் அவற்றைப் பழகாமல் நேராக இதில் இறங்க வேண்டாம். அதற்காக இன்னொரு கிட் வாங்கச் சொல்லவில்லை, வெட்டி எடுத்தபின் மிஞ்சும் ஸ்ப்ரூச் சட்டத்திலேயே ஒட்டிப் பழகலாம், பிளாஸ்டிக் ஸ்பூன் மேல் பெயின்ட் அடித்துப் பார்க்கலாம். எட்ச் பாகத்தைப் பிளாஸ்டிக் பசை பிடிக்காது, அது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை, உலோகத்தை ஒன்றும் செய்யாது. சூப்பர் க்ளூதான் வேண்டும். அதே சூப்பர் க்ளூவை காக்பிட் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவி பட்டால் கண்ணாடி வெள்ளையாகப் படிந்துவிடும். அங்கே வெள்ளைப் பசை போதும்.

உப்புத்தாள்:
மரப்பறவை, முதல் பெரிய கிட்டாக மஸ்கிட்டோ அமைந்தது நல்லதுதான், காரணம் சொல்கிறேன். உங்கள் பெயரே சொல்வதுபோல இது மர விமானம், பால்சா என்ற லேசான மரத்தை நடுவில் வைத்து இருபக்கமும் பிர்ச் பிளைவுட் ஒட்டிய உடல். போர்க்காலத்தில் மேசை நாற்காலி செய்த பட்டறைகளும் இதன் பாகங்களைச் செய்தன. உடலை இடது பாதி, வலது பாதி என்று தனித்தனியாக அச்சின் மேல் உருவாக்கி, திறந்திருக்கும்போதே உள்ளே கம்பி, குழாய், கருவி எல்லாம் பொருத்தி, அப்புறம்தான் இரண்டையும் சேர்த்து ஒட்டினார்கள். நீங்கள் செய்யப்போவதும் அதே வரிசைதான்.

இதில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. உலோகத் தகடு போர்த்திய விமான மாடலில் ஒட்டின கோட்டைத் தேய்த்தால் பேனல் கோடுகளும் ரிவெட்களும் சேர்ந்து அழியும், எல்லாவற்றையும் மறுபடி கீற வேண்டும், புதியவர்கள் மனம் விடுவது பெரும்பாலும் அங்கேதான். மஸ்கிட்டோவில் மரத்தின் மேல் துணி ஒட்டி டோப் (துணியை இறுக்கும் வார்னிஷ்) பூசியிருந்ததால் உடல் வழவழப்பு. முதுகின் மேல் ஓடும் கோட்டைப் புட்டி வைத்து நிரப்பி, மறையும் வரை தைரியமாகத் தேயுங்கள். பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துப் பார்த்து, கோடு தெரிந்தால் மறுபடி தேய்க்கலாம்.

மரப்பறவை:
மூவருக்கும் மிக்க நன்றி. பாதிப் பாதியாகச் சேர்த்த விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, படித்ததிலிருந்து கை பரபரக்கிறது. ஸ்ப்ரூக்களைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன், எஞ்சினிலிருந்தே தொடங்குகிறேன். எட்ச் தகட்டிலிருந்து சின்னப் பாகங்களை வெட்டும்போது வளையாமல் இருக்க என்ன செய்வது?

நீலவானம்:
கட்டிங் மேட் மேல் வெட்டாதீர்கள், அது அமுங்கிக் கொடுக்கும், பாகம் வளையும். கண்ணாடித் துண்டு மாதிரி கெட்டியான தளத்தில் வைத்து, புது பிளேடால் நேராக மேலிருந்து அழுத்துங்கள். வெட்டும்போது பாகத்தின் மேல் ஒரு டேப் ஒட்டிக்கொண்டால் தெறித்து ஓடாது.