கோளாறு இல்லாத கண்ணுக்கு எதற்கு ஸ்கேன்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

என் மகளுக்கு எட்டு வயது. பள்ளியில் நடந்த கண் முகாமில் கடைசி வரி வரை தடங்கலில்லாமல் வாசித்தாள். அதனாலேயே ஓர் ஆராய்ச்சிக்கு அவளைக் கேட்டார்கள். “நல்ல கண்ணை எதற்கு நோண்ட வேண்டும்?” என்றார் மாமியார். எனக்கும் அதே எண்ணம்தான்.

மருத்துவமனையில் நீட்டிய சம்மதப் படிவம் மலையாளத்தில் இருந்தது. நாங்கள் தமிழ் வழியில் படித்தவர்கள். சந்தையில் மலையாளம் பேசுவேன், எழுத்துக் கூட்டத் தெரியாது. “கையெழுத்துப் போட்டால் போதும்” என்றார் அங்கிருந்தவர். போடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அரைமணி நேரம் கழித்து ஒரு பெண் மருத்துவர் வந்து வரிவரியாகத் தமிழில் சொன்னார். ஓசிடி (OCT) என்கிற இந்த ஸ்கேன் கருவி, விழித்திரையைக் குறுக்கே வெட்டினாற்போல அடுக்கடுக்காகக் காட்டுமாம். ஆனால் பெரும்பாலான கருவிகளில் ஒப்பிட்டுப் பார்க்க இருக்கும் அளவுகள் 18 வயது தாண்டியவர்களுடையவை. பிறக்கும்போது விழியின் முன்பின் நீளம் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர், வளர்ந்தபின் 24. விழித்திரையின் நடுவில் இருக்கும் குழிகூடப் பிறந்த பிறகும் சில ஆண்டுகள் உருவாகிக்கொண்டே இருக்கிறதாம். நான் தையல் வேலை செய்பவள். பெரியவருடைய அளவுச் சட்டையை வைத்துக்கொண்டு பிள்ளைக்குத் துணி வெட்ட முடியாது என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதற்குத்தான் நல்ல கண் உள்ள பிள்ளைகளின் அளவு வேண்டுமாம்.

பிறகு மகளிடமே கேட்டார். ஏழு வயது தாண்டிய பிள்ளையின் சம்மதமும் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறையாம். “ஊசி உண்டா?” என்றாள். இல்லை. “படத்தை எனக்குக் காட்டுவீர்களா?” அதன்பிறகுதான் கருவியில் தாடையைக் கொண்டுபோய் வைத்தாள்.

மீனாட்சிபுரத்திலிருந்து:

அக்கா, உங்கள் மகள் சமர்த்து. என் மகனுக்கு ஐந்து வயது, தாடை எட்டவேயில்லை. மடியில் வைத்துப் பிடித்தேன். பச்சைப் புள்ளியைப் பார் என்றால் அதைச் சொன்னவர் முகத்தைப் பார்ப்பான். இரண்டு படம் வீண், மூன்றாவது தேறியது. கண்ணில் சொட்டு மருந்தும் விட்டார்கள். வெயில் கூசும் என்று ஒருவரும் முன்பே சொல்லவில்லை. பஸ் நிறுத்தத்தில் என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். போகிறவர்கள் ஒரு தொப்பி எடுத்துப் போங்கள்.

வேலந்தாவளத்திலிருந்து:

கண் பிரிவில் வேலை செய்கிறேன். ஓசிடிக்கு எப்போதும் சொட்டு மருந்து தேவைப்படாது. கண்ணின் பவர் பார்ப்பதற்காக விட்டிருக்கலாம். கருவியில் பாய்வது அகச்சிவப்பை ஒட்டிய ஒளி, எக்ஸ்ரே இல்லை. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் படம் நன்றாக வந்துவிட்டது, இனி கண்ணாடியே தேவைப்படாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கிட்டப்பார்வை பள்ளிப் பருவத்தில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டும்.

மீண்டும் கொழிஞ்சாம்பாறை:

தொப்பி யோசனைக்கு நன்றி தங்கச்சி. சொன்னபடியே படத்தைக் காட்டினார்கள். இரண்டு பக்கமும் மேடு, நடுவில் பள்ளம். “நம் பாலக்காட்டுக் கணவாய் மாதிரி இருக்கிறதே!” என்றாள் மகள். மருத்துவர் சிரித்துவிட்டார். ஆறு மாதத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் தமிழ்ப் படிவம் தயாராகிவிடும் என்றார்கள். போன வாரம் கேட்டேன், இன்னும் அச்சுக்கே போகவில்லையாம்.