பெசாக் விருந்தில் உட்கார்ந்த அனுபவம் உண்டா? பகிருங்கள்

எடிசன், நியூ ஜெர்சி

யூதர்களின் பெசாக் பண்டிகை இரவு விருந்துக்கு, செடர் என்பார்களே, அதற்குப் போய் வந்தவர்கள் எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

கூட வேலை பார்ப்பவர் ஒருவர் எங்களைக் குடும்பத்தோடு அழைத்திருந்தார். பார்வோனிடம் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேலர் மோசேயின் பின்னால் எகிப்தை விட்டு வெளியேறிய கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த இரவில் வாசிக்கும் ஹக்காதா என்ற புத்தகம் ஆளுக்கொன்று கையில். மொத்தம் 15 கட்டங்கள். சாப்பாடு வருவது 11வது கட்டத்தில்தான்!

முதலில் பார்ஸ்லி இலையை உப்புத் தண்ணீரில் முக்கிக் கொடுத்தார்கள். அந்த உப்பு, அடிமைகள் விட்ட கண்ணீர். "ஏம்ப்பா கீரையைத் தண்ணியில முக்குறாங்க?" என்று என் மகள் காதோடு கேட்டாள். அவள் கேட்டதை நான் எடுத்துச் சொன்னதும் வீட்டுக்காரருக்கு அத்தனை சந்தோஷம். பிள்ளைகள் 'ஏன்' என்று கேட்க வேண்டும் என்றுதான் இந்த இரவில் வழக்கமில்லாத காரியங்களைச் செய்கிறோம், எங்கள் பழைய மதச் சட்ட நூலான தால்முதிலேயே அப்படித்தான் இருக்கிறது என்றார். பிறகு அந்த வீட்டுக் கடைக்குட்டி எழுந்து, மற்ற இரவுகளைவிட இந்த இரவு ஏன் வேறாக இருக்கிறது என்ற கேள்விகளைப் பாட்டாகவே பாடியது. அதற்குப் பதிலாகத்தான் முழுக் கதையும் சொல்லப்படுகிறது. தனியாக இருப்பவர்கூடத் தன்னைத்தானே கேட்டுக்கொண்டு பதில் சொல்ல வேண்டுமாம்.

எகிப்துக்கு வந்த 10 வாதைகளை, அதாவது கொடுந்துன்பங்களை, ஒவ்வொன்றாக வாசிக்கும்போது எல்லோரும் விரலால் திராட்சை ரசத்தைத் தொட்டு ஒவ்வொரு சொட்டாகத் தட்டில் விட்டார்கள். நம்மை வதைத்தவன்தான் என்றாலும் அவன் பட்ட துன்பத்தின் பேரில் நம் கிண்ணம் நிரம்பி இருக்கக் கூடாது என்று அர்த்தம் சொன்னார்கள். விடுதலையைக் கொண்டாடும் இரவிலேயே இதற்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார்களே, அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அடிமை வாழ்வின் கசப்புக்கு ஹார்ஸ்ராடிஷ் கிழங்குத் துருவல். வாயில் வைத்ததும் மூக்கு வழியாக ஏறிக் கண்ணில் நீர் கொட்டிவிட்டது. அதோடு ஆப்பிள், வால்நட், பட்டை, திராட்சை ரசம் சேர்த்த ஹரோசெட் என்ற இனிப்பு மசியல். அடிமைகள் செங்கல் கட்டக் குழைத்த சாந்துக்கு அடையாளமாம் அது. நாங்கள் சைவம் என்று தெரிந்து, சடங்குத் தட்டில் ஆட்டெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் பீட்ரூட் வைத்திருந்தார்கள். அதற்கும் தால்முதில் ஆதாரம் உண்டென்று எடுத்துக் காட்டினார். விருந்தாளிக்காக அவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார், மனுஷன்.

ரமத் கான், இஸ்ரேல்

எடிசன் அண்ணா எழுதியதை வாசித்தேன். நான் இலங்கை, ஹட்டன் பிள்ளை. இங்கே வயதான அம்மா ஒருவரைப் பராமரிக்கும் வேலை. எல்லோரையும் போல நானும் அவரை 'சவ்தா' என்றுதான் கூப்பிடுவேன், பாட்டி என்று.

விருந்துக்கு முந்தின வேலையைச் சொன்னால்தான் விருந்து விளங்கும். பண்டிகை முடியும் வரைக்கும் வீட்டில் புளித்த மாவு ஒரு துணுக்கும் இருக்கக் கூடாது. சோபா மெத்தையைக் கழற்றி, கோட் பைகளை வெளியே இழுத்து உதறி, ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரின் இடுக்கைப் பல்குத்தும் குச்சியால் துடைத்தேன். கடைகளிலும் பாண், பிஸ்கட் அடுக்கிய தட்டுகளைத் திரை போட்டு மறைத்து விடுவார்கள். அந்த நாட்களில் மட்சாதான், தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் சுட்டு எடுக்கும் புளிக்காத ரொட்டி. மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் புறப்பட்டார்கள் என்ற நினைவுக்கு.

ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் பலர் இந்த நாட்களில் சோறு சாப்பிட மாட்டார்கள். சவ்தா பக்தாத்தில் பிறந்தவர், அங்கத்தைய வழக்கப்படி சோறு உண்டு. ஆனால் நடுவில் ஒரு கோதுமை மணி கலந்திருக்கக் கூடாதே! வெள்ளைத் துணியை விரித்து, அரிசியை ஒவ்வொரு மணியாக விரலால் தள்ளி, மூன்று தடவை பார்த்தார். கண் சரியாகத் தெரியாது, ஆனாலும் என்னிடம் விடவில்லை. ஹரோசெட்டும் அவர்களுக்கு வேறு மாதிரி, பேரீச்சம்பழப் பாகில் இடித்த வால்நட்.

இராக் யூதர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. மட்சாவைத் துணியில் கட்டி ஒரு பேரனின் தோளில் போடுவார்கள். "எங்கேயிருந்து வருகிறாய்?" என்று கேட்பார்கள். "மிஸ்ராயிமிலிருந்து" என்பான், எகிப்தைத்தான் சொல்கிறான். "எங்கே போகிறாய்?" "ஜெருசலேமுக்கு."

அது முடிந்ததும் சவ்தா தன் கதையைச் சொல்லத் தொடங்கினார். 1951இல் அவர் சின்னப் பிள்ளை. நாட்டை விட்டுப் போவதென்றால் குடியுரிமையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று இராக் அரசு சட்டம் போட்டிருந்தது. பெரியவர்களுக்குத் தலைக்கு 50 தினார்தான் கொண்டுபோக அனுமதி. அப்படி 1,20,000 பேருக்கு மேல் விமானத்தில் வந்து இறங்கியிருக்கிறார்கள். வந்தவருக்குக் கிடைத்தது கூடாரம், சேறு. பேரப்பிள்ளைகளுக்கு இது மனப்பாடம், ஆனாலும் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும் எகிப்திலிருந்து தானே வெளியே வந்ததாக எண்ண வேண்டும் என்று ஹக்காதாவில் வருகிறது. சவ்தாவுக்கு அப்படி எண்ணிப் பார்க்க ஒரு சிரமமும் இல்லை.

லண்டன்

நான் திருநெல்வேலிப் பக்கம், சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பம். சிறு வயதிலிருந்தே பெசாக்கைப் பஸ்கா என்று கேட்டு வளர்ந்தவன் என்பதால், இயேசு சீஷர்களோடு உட்கார்ந்த கடைசி இராப்போஜனம் இதேதானா என்று நான் போன செடரில் கேட்டேன். அந்த வீட்டுப் பெரியவர் பொறுமையாக விளக்கினார். அந்தக் காலத்தில் ஜெருசலேம் ஆலயத்தில் பலியிட்ட ஆட்டுக்குட்டிதான் பண்டிகையின் மையம். கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்த பிறகு பலிக்கு வழியில்லாமல் போயிற்று. யூத மத குருக்களான ரபிகள் அதை வீட்டு மேஜைக்குக் கொண்டுவந்து, இன்றைய ஒழுங்காக வளர்த்தெடுத்தார்கள். அதனால்தான் தட்டில் எலும்பு மட்டும். எனக்கு அது புதிய செய்தி. கோயில் போன பிறகும் ஒரு ஜனம் தன் வழிபாட்டைச் சாப்பாட்டு மேஜையில் காப்பாற்றி வைத்திருக்கிறது!

எலியா தீர்க்கதரிசிக்கென்று ஒரு கிண்ணம் ஊற்றி வைத்து, பிள்ளையை அனுப்பி வாசல் கதவைத் திறந்து வைக்கிறார்கள். நல்ல குளிர். யாரும் அவசரமாகச் சாத்தவில்லை.

எடிசன், நியூ ஜெர்சி

தங்கச்சி, அரிசி பார்த்த கதையை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசி என்றார்.

அழைப்பு வந்தால் என்ன கொண்டு போவது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். லட்டு, மைசூர்பாகு, கேக் எதுவும் வேண்டாம். கடலை மாவும் பல வீடுகளில் ஆகாது. பூவோ முழுப் பழமோ போதும். திராட்சை ரசம் வாங்கினால் பெசாக்குக்கு ஏற்ற கோஷர், அதாவது யூத உணவு விதிப்படியானது, என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள், சாப்பாடு வர நேரமாகும். ஒளித்து வைத்த அரை மட்சாவைப் பிள்ளைகள் தேடி எடுத்து, பரிசு கேட்டுப் பேரம் பேசும் விளையாட்டு அதற்கும் பின்னால்தான். அதுவரை அவர்கள் விழித்திருக்க வேண்டுமே.