திருக்கையிடம் குத்து வாங்கினவர்கள் சொல்லுங்கள்: என் கதை நாயாற்றில்

முள்ளியவளையிலிருந்து:
நான் வயற்காரன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு உப்புநீர் எடுக்கிற அன்றைக்குக் கடலைப் பார்ப்பதோடு சரி. போன ஆவணியில் மச்சான் கூப்பிட்டான் என்று நாயாற்று முகத்துவாரத்தில் வீச்சுவலையோடு இறங்கினேன். முழங்கால் தண்ணீர். நாலாவது வீச்சுக்கு ஒரு எட்டுத் தள்ளி வைத்தேன். காலுக்குக் கீழே நனைந்த தோல் மாதிரி ஏதோ வழுக்கியது, குதிக்காலுக்கு மேலே சுள்ளென்றது. போத்தல் ஓடு வெட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன். அரை விரல் நீளக் காயம், அவ்வளவுதான். ஆனால் பத்து நிமிடத்துக்குள் நோ தொடை வரை ஏறிவிட்டது. தேள் கொட்டி வாங்கினவன் நான். இதற்கு முன்னால் அது எறும்புக்கடி.

மச்சான் சுண்ணாம்பு தேடி ஓடினான். மீன்வாடியிலிருந்த பெரியவர் ஒருவர் தேத்தண்ணிக்கு வைத்த சுடுநீரை வாளியில் ஊற்றி, பச்சைத்தண்ணீர் கலந்து, தன் கையை விட்டுப் பார்த்தார். “உன்ர காலுக்கு இப்ப சூடு தெரியாது தம்பி, நான் பாத்துச் சொல்லுறன், வை” என்றார். கால் மணித்தியாலத்தில் நோ இறங்கியது. வெளியே எடுத்தால் திரும்ப ஏறியது. ஒன்றரை மணித்தியாலம் அந்த வாளியோடுதான் இருந்தேன்.

அப்புறம் நடந்ததுதான் எரிச்சல். காயத்தைக் காட்டிய இடத்தில் உள்ளே பார்க்காமலே தைத்து அனுப்பினார்கள். நாலாம் நாள் கால் வீங்கி, வேறிடத்தில் படம் எடுத்தால் திருக்கை வால்முள்ளின் துண்டு ஒன்று உள்ளே கிடக்கிறது. ஏற்பு (டெட்டனஸ்) ஊசியும் அங்கேதான் போட்டார்கள். திருக்கை நஞ்சு புரதம், சூட்டில் குலைந்துவிடும், 45 பாகை அளவு போதும், அதற்கு மேல் போனால் கால் வெந்துபோகும் என்று டொக்டர் விளக்கினார். பெரியவரின் கைக்கு அது முன்னமே தெரிந்திருந்தது.

அளம்பிலிலிருந்து:
தம்பி, செத்த திருக்கையும் குத்தும். கரைவலை மடியை அவிழ்த்ததும் எங்கள் ஆட்கள் முதலில் முள்ளைத் தறித்து ஆழப் புதைப்பார்கள். முள் வால் நுனியில் இருக்கும் என்று நினைத்துப் பிடிக்கிறவர்கள்தான் மாட்டுப்படுவது. அது வாலின் அடிப்பக்கத்துக்குக் கிட்ட, இரண்டு கரையும் அரிவாள் பல்லு. பல்லெல்லாம் பின்னோக்கி இருப்பதால் போகும்போதைவிட வரும்போதுதான் கிழிக்கும். நஞ்சு அதன் கீழ்ப்பக்கத்துப் பள்ளத்தில், மெல்லிய தோலுக்குள் இருக்கிறது.

எங்கள் அப்பு காய்ந்த திருக்கை வால் ஒன்றைக் கூரை வளையில் செருகி வைத்திருந்தார். ஒருநாளும் எடுத்து அடித்ததில்லை. அண்ணாந்து பார்த்தாலே எங்களுக்குப் பாடம் வந்துவிடும்.

நாச்சிக்குடாவிலிருந்து:
அண்ணை, நீங்கள் காலைத் தூக்கி வைத்ததுதான் பிழை. அது மணலுக்குள் புதைந்து கிடக்கும், கண்ணும் கண்ணுக்குப் பின்னால் தண்ணீர் இழுக்கிற ஓட்டையும்தான் வெளியே தெரியும். நாங்கள் நண்டுவலைக்குப் போகும்போது பாதத்தை மணலோடு உரசி உரசித்தான் நடப்போம். அதிர்வு தெரிந்ததும் அது தானாக விலகிவிடும். இன்னொன்று, நெஞ்சிலோ வயிற்றிலோ ஏறினால் முள்ளைப் பிடுங்கக் கூடாது, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும். 2006இல் ஆஸ்திரேலியாவில் டிவியில் முதலை பிடித்துக் காட்டுகிற ஸ்டீவ் இர்வின் செத்தது நெஞ்சில் குத்து வாங்கித்தான்.

முள்ளியவளையிலிருந்து:
உரசி நடக்கிறதா? வயலில் பரம்படிக்கிற மாதிரி என்று மச்சான் முதலே சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். நேற்றுச் சந்தையில் திருக்கை கண்டேன், ஒரு கிலோ வாங்கினேன். மனைவி தேங்காய்ப்பூ போட்டு வறை வறுத்தாள். குதிக்கால் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை.