பொருளாதார மந்தநிலையில அமெச்சூர் ரேஸ் ஓட்டினவங்க இருக்கீங்களா? கொஞ்சம் உதவி வேணும்

வணக்கம் நண்பர்களே. மந்தநிலை வந்தா சொந்தக் காசுல ரேஸ் ஓட்டுறவங்க, பழைய ரேஸ் கார் வெச்சிருக்கிறவங்க எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு ஒரு கட்டுரை எழுதுறேன்.

பெரிய பந்தயங்களோட கதை கிடைச்சிடுது. எண்ணெய் நெருக்கடியில அமெரிக்காவோட 1974 டேடோனா 24 மணி நேரப் பந்தயம் ரத்தாச்சு, டேடோனா 500-ஐ 450 மைலாக் குறைச்சாங்க. 2008 டிசம்பர்ல ஹோண்டா ஃபார்முலா ஒன்னை விட்டே விலகிச்சு. ஆனா அமெச்சூர் ஆளு நின்னா செய்தி வராது. வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடிட்டு "அடுத்த சீசன் பாத்துக்கலாம்"பாங்க, அவ்வளவுதான். அதுதான் எனக்கு மனசைப் பிசையுது.

பத்துப் பேர் விலகினாலும் டிராக் வாடகை, ஆம்புலன்ஸ், காப்பீடு எதுவும் குறையாது. மிச்சப் பேர் தலையில கட்டணம் ஏறும், இன்னும் நாலு பேர் கழண்டுக்குவாங்க.

நீங்க முதல்ல எதை வெட்டினீங்க? டயரையா? பட்டன் நல்லா இருந்தும் ரப்பர் இறுகிப்போய், வளைவுல வண்டி வழுக்கின அனுபவம் உண்டா? இன்ஜின் வேலையைத் தள்ளிப்போட்டீங்களா? ஒரே காரை ரெண்டு பேரா ஓட்டினீங்களா? வண்டியை வித்தவங்களும் எழுதுங்க, ப்ளீஸ். உங்க பேரைப் போட மாட்டேன்.