2004-இல் வந்த சுனாமி 2012-இல் ஏன் வரவில்லை?

முத்துநகரான்:
2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கம் 9.1. 2012 ஏப்ரல் 11 மதியம் கிட்டத்தட்ட அதே கடலில் 8.6. சென்னையில் ஆட்டம் நன்றாகத் தெரிந்தது, சுனாமி எச்சரிக்கையும் கொடுத்தார்கள், ஆனால் கடல் ஏறவில்லை. 0.5 வித்தியாசம்தான் காரணமா? ஆட்டம் தெரிந்த பிறகு அலை வர எவ்வளவு நேரம் இருக்கும் என்பதையும் யாராவது விளக்க முடியுமா?

பாறைப்பிரியன்:
அரைப் புள்ளி சின்ன விஷயம் இல்லை. ஒரு புள்ளி கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு, அரைப் புள்ளிக்கு 5.6 மடங்கு. ஆனாலும் முதல் காரணம் அதுவல்ல. பிளவின் இரு பக்கப் பாறை எந்தத் திசையில் நகர்ந்தது என்பதுதான்.

2004-இல் உடைந்தது இரண்டு புவித்தட்டுகளின் எல்லை. ஆழ்கடல் பள்ளமான சுந்தா அகழியில் இந்தியத் தட்டு பர்மா சிறுதட்டுக்கு அடியில் மிகக் குறைந்த சரிவில், 10 டிகிரி அளவில் இறங்குகிறது. நடுவிலுள்ள பிளவு பூட்டிக்கொண்டு நிற்பதால் மேல்தட்டின் விளிம்பும் மெல்ல மெல்லக் கீழே இழுபடுகிறது. பூட்டு விட்டதும் அந்த விளிம்பு மேலே தெறிக்கும். சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்கு இப்படி நடந்தது. சில இடங்களில் பாறை 15 மீட்டர் வரை நழுவியது. கடல்தரை உயர்ந்தால் அதன்மேல் நிற்கும் மொத்தத் தண்ணீரும் உயர்ந்தாக வேண்டும். சுனாமி பிறப்பது அங்கேதான்.

2012-இல் உடைந்தது எல்லை அல்ல. அகழிக்கு மேற்கே, தட்டின் உள்ளேயே, ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் பல செங்குத்துப் பிளவுகள். இரு பக்கப் பாறையும் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. மேலிருந்த தண்ணீரை எதுவும் பெரிதாகத் தூக்கவில்லை. கருவிகளில் பதிவான பக்கவாட்டு நகர்வு நிலநடுக்கங்களில் இதுவே மிகப் பெரியது. ஆனால் சுமத்ராவின் மெலபோவில் அலை 1 மீட்டர் அளவோடு நின்றுவிட்டது.

அலைமானி:
நேரக் கணக்கு நான் சொல்கிறேன். 2012 மையத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 1,850 கி.மீ. முதலில் வருவது பி அலை. அது பாறையை அழுத்தி விரித்துப் போகும்; இந்தத் தூரத்துக்குச் சுமார் 4 நிமிடம். குறுக்காக ஆட்டும் எஸ் அலைக்குச் சுமார் 7 நிமிடம். மேற்பரப்பு அலைகள் அதற்கும் பின்னால். இவ்வளவு தொலைவில் வேகமான அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துவிடும், மெதுவான ஊசலாட்டம்தான் மிஞ்சும். மாடிகளில் இருப்பவர்களுக்குத் தலைசுற்றுவது மாதிரி இருக்கும்போது தரைத்தளத்தில் சிலர் எதையும் உணராததற்கு இதுவே காரணம்.

சுனாமியின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது: புவியீர்ப்பு முடுக்கம் 9.8-ஐக் கடல் ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 4,000 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 198 மீட்டர், அதாவது மணிக்கு 710 கி.மீ. அளவு. 2004-இல் சென்னைக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆனது. அந்தமானிலும் சுமத்ராவின் அச்சேவிலும் அந்த அவகாசம் இல்லை. அங்கெல்லாம் நில ஆட்டமேதான் எச்சரிக்கை. நிற்கவே முடியாத ஆட்டம் அல்லது நிமிடக்கணக்கில் நீடிக்கும் ஆட்டம் என்றால் சைரனுக்குக் காத்திருக்கக் கூடாது, உடனே மேட்டுக்குப் போக வேண்டும்.

முத்துநகரான்:
நன்றி. பக்கவாட்டு நகர்வு என்றால் ஆபத்து குறைவு, சரி. அப்புறம் எதற்கு எச்சரிக்கை?

அலைமானி:
முதல் சில நிமிடங்களில் கையில் இருப்பது இடம், ஆழம், தோராயமான அளவு, அவ்வளவே. நகர்வின் திசை தெரியவர, நீண்ட அலைகள் பல நிலையங்களுக்கு வந்து சேர வேண்டும். அளவே முதலில் தவறலாம். 2004-இல் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தின் முதல் அறிக்கை 8.0 என்றது, பிறகு 8.5 ஆக்கினார்கள். பிளவு 8 நிமிடத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருந்தது. குறுகிய அலைகளை மட்டும் பார்த்தால் ஒரு கட்டத்துக்கு மேல் அளவு ஏறவே ஏறாது. அதனால் இந்தியாவுக்குச் சுனாமி எச்சரிக்கை தரும் ஐதராபாத் இன்காய்ஸ் முதலில் எச்சரித்துவிட்டு, கடல்தரையிலுள்ள அழுத்தமானிகளும் கரையோர அலைமட்டக் கருவிகளும் சொல்வதைப் பார்த்து விலக்கிக்கொள்ளும். இந்த வரிசைதான் சரி.

பிறகு நீங்களே சரிபார்க்க: அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் பக்கத்தில் ஒவ்வொரு பெரிய நடுக்கத்துக்கும் 'ரேக்' என்று, பிளவில் பாறை நகர்ந்த திசையைக் காட்டும் ஒரு கோணம் தருவார்கள். 90-க்கு அருகில் என்றால் மேல்பாறை ஏறியிருக்கிறது. மைனஸ் 90 என்றால் இறங்கியிருக்கிறது, அதுவும் கடலைக் கிளப்பும். 0 அல்லது 180-ஐ ஒட்டியிருந்தால் பக்கவாட்டு நகர்வு.

பாறைப்பிரியன்:
அதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம். 2018 செப்டம்பர் 28-இல் இந்தோனேசியாவின் சுலவேசி தீவிலுள்ள பாலுவில் 7.5, பக்கவாட்டு நகர்வுதான். ஆனால் குறுகிய விரிகுடாவின் அடியில் மண்சரிவுகள் ஏற்பட்டு, சில நிமிடங்களிலேயே அலை ஊருக்குள் புகுந்தது. மறுபுறம், 2005 மார்ச் 28-இல் சுமத்ராவை ஒட்டிய நியாஸ் தீவு நடுக்கமும் 8.6, அதுவும் எல்லைப் பிளவில். உயர்ந்ததில் பெரும்பகுதி தீவுகளும் ஆழமற்ற கடலும் என்பதால் தள்ளப்பட்ட தண்ணீர் குறைவு, சுனாமியும் 2004-ஐ விட மிகச் சிறியது. நகர்ந்த திசையோடு, நகர்ந்த தரைக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.