எச்ஐவி தடுப்பு, நடத்தைக் கோட்பாடு: ஒரு சந்தேகம்

வணக்கம். பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். ஆப்பிரிக்கப் பதின்பருவத்தினரிடையே எச்ஐவி தடுப்பு பற்றி ஒரு கட்டுரை. ஐசக் அய்சனின் 'திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டை' எடுத்துக்கொண்டேன். மனப்பாங்கு, சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பு, 'இது என் கையில் இருக்கிறது' என்ற எண்ணம் இவை மூன்றும் சேர்ந்துதான் ஒருவரின் நோக்கத்தை உருவாக்குகின்றன என்பது அதன் சாரம்.

சிக்கல் அந்த மூன்றாவதில். "ஆணுறை பயன்படுத்துவது என் கட்டுப்பாட்டில் உள்ளது" என்ற வரிக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் போடச் சொல்கிறோம். தனக்குப் பள்ளிக் கட்டணமும் போன் ரீசார்ஜும் தரும் பத்து வயது மூத்த ஆணோடு பழகும் பெண் அங்கே எதை டிக் செய்வாள்?

தான்சானியாவின் முவான்சாவில் 1999 முதல் 2002 வரை பள்ளிகளில் பாலியல் சுகாதாரக் கல்வி கொடுத்துப் பார்த்த ஆய்வில் மாணவர்களின் அறிவு கூடியது, எச்ஐவி தொற்று குறைந்ததாகத் தெரியவில்லை. மேற்குக் கென்யாவில் பொருளாதார ஆய்வாளர் பாஸ்கலின் டூபா செய்ததோ வேறு. எந்த வயது ஆண்களிடம் தொற்று அதிகம் என்று மாணவிகளுக்குச் சொன்னார், அவ்வளவுதான். பாதுகாப்பற்ற உறவுக்கு அடையாளமாக அவர் எடுத்துக்கொண்ட பதின்பருவக் கர்ப்பம் 28% குறைந்தது! எனக்கு இதுதான் கோட்பாட்டை விடப் பெரிய பாடமாகத் தெரிகிறது. கைடு ஒத்துக்கொள்ள மாட்டார், அது வேறு கதை.

சரி, கேள்விக்கு வருகிறேன். பணத்தையும் வயது வித்தியாசத்தையும் இந்தக் கோட்பாட்டுக்குள்ளேயே அளக்க வழி உண்டா, இல்லை வேறு கோட்பாட்டைச் சேர்க்க வேண்டுமா? கென்யா, தான்சானியா பக்கம் களப்பணி செய்தவர்கள் யாராவது இருந்தால், கேள்விகளை சுவாஹிலியில் எப்படிக் கேட்டீர்கள் என்றும் சொல்லுங்கள்.