மான் வேட்டைக்கு ரிவால்வர்: .44 போதுமா, .500 வரை போக வேண்டுமா?

நாகலூர்_பையன்:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் ஏற்காடு பக்கம் நாகலூர், வேலை டெக்சாஸ் ஆஸ்டினில், இப்போது மூன்று வாரம் லீவில் அஸ்தம்பட்டி வீட்டில் இருக்கிறேன். கூட வேலை பார்க்கும் ஒருவருடைய குடும்பத்துக்குக் கெர்வில் பக்கத்தில் நிலம் இருக்கிறது. வருஷா வருஷம் நவம்பரில் மான் வேட்டைக்குப் போவார்கள், இந்த வருஷம் என்னையும் கூப்பிட்டிருக்கிறார். அந்த வீட்டில் அப்பா காலத்திலிருந்தே ரிவால்வரில்தான் அடிப்பார்களாம், யாராவது ரைஃபிள் எடுத்து வந்தால் கிண்டல்தானாம். பரணில் உட்கார்ந்தால் மக்காச்சோளம் கொட்டி வைத்த இடத்துக்கு மான் வரும், நாற்பது ஐம்பது யார்டுதான் தூரம் என்கிறார்.

என் அனுபவம் என்னவென்றால், சின்ன வயதில் சேர்வராயன் கோயில் திருவிழாவில் பலூன் சுட்டது, போன மாதம் அவரோடு சுடும் பயிற்சி ரேஞ்சுக்குப் போய் .357-இல் (இந்த எண்தான் காலிபர், அங்குலக் கணக்கில் குண்டின் தடிமன்) ஆறு ரவுண்டு. அவ்வளவுதான். ஆனால் வீடியோ பார்த்துப் பார்த்து .500 ஸ்மித் அண்ட் வெஸன் மேல் ஆசை வந்துவிட்டது. வாங்குவது ஒரு தடவை, பெரிதாகவே வாங்கிவிடலாமே என்று ஒரு மனது. நான் ஐந்தடி ஆறு அங்குலம், 61 கிலோ. .357, .44, .454, .460, .500, இதில் எது சரி? பேரல் எவ்வளவு நீளம் வேண்டும்? ஸ்கோப் தேவையா?

சேலம்_மாம்பழம்:

தலைப்பைப் பார்த்து ஏற்காட்டில்தான் யாரோ மான் அடிக்கக் கிளம்பிவிட்டார்கள் என்று பதறிப் போய் உள்ளே வந்தேன். தலைப்பிலேயே டெக்சாஸ் என்று போட்டிருக்கலாம் தம்பி. அந்த மான் உங்களுக்கு என்ன பாவம் செய்தது என்று கேட்க ஆசைதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டன் கடையில் முதல் ஆளாக நிற்கிறவன் நான், அதனால் கேட்கவில்லை.

ஓமலூர்_ஹூஸ்டன்:

தம்பி, நான் ஓமலூர், ஹூஸ்டனில் பதினோரு வருஷம், அதில் ஆறு வருஷமாக ரிவால்வரில் வேட்டை. துப்பாக்கிக்கு முன்னால் ஒரு கேள்வி, நீங்கள் ஹெச்1பி வேலை விசாவா? அப்படியென்றால் அமெரிக்க மத்தியச் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது, வாங்கவும் கூடாது. அதற்கு உள்ள விதிவிலக்குகளில் நமக்குப் பொருந்துவது ஒன்றுதான்: அங்குள்ள ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். கடையில் 4473 என்று ஒரு படிவம் கொடுப்பார்கள், அதில் இந்தக் கேள்வி வரும், லைசென்ஸைக் காட்டச் சொல்வார்கள். டெக்சாஸ் லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ஓடு முடிந்துவிடும், புதுசு ஆகஸ்ட் 15 வாக்கில் விற்பனைக்கு வரும். எப்போது எடுத்திருந்தாலும் இதே தேதிதான், ஒரு வருஷம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். புதுப்பிக்க மறந்தால் அலமாரியில் சும்மா கிடக்கிற துப்பாக்கியே வம்பு. உங்கள் விசா விவரத்தை ஒரு வக்கீலிடமும் காட்டிவிடுங்கள். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைக் கல்வி வகுப்பும் முடிக்க வேண்டும். அதை முதலில் முடித்துவிட்டுக் கடைப்பக்கம் போங்கள்.

இப்போது .500 ஆசைக்கு வருகிறேன். அது 2003-இல் வந்தது, நீளமான பேரல் போட்டது ஏறக்குறைய இரண்டு கிலோ இருக்கும். கரடிக்கும் பெரிய மிருகங்களுக்கும் சரி. ஆனால் கெர்வில் இருக்கிற ஹில் கன்ட்ரி மலைப்பகுதியின் வெள்ளைவால் மான் சின்னது, நன்றாக வளர்ந்த ஆண் மானே ஐம்பது அறுபது கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். உங்களைவிட எடை குறைந்த பிராணிக்கு எதற்குத் தம்பி அந்தப் பீரங்கி?

நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். முதல் துப்பாக்கியே .454 கஸூல் வாங்கினேன், உங்களை மாதிரியே "ஒரே தடவை" கணக்கு. ரேஞ்சில் பத்து ரவுண்டு போட்டதும் உள்ளங்கை கன்றிப்போகும், வலிக்கு பயந்து பயிற்சியைக் குறைத்தேன். நவம்பரில் ஒரு பெண் மான், நாற்பத்தைந்து யார்டு, கல் மாதிரி பக்கவாட்டில் நிற்கிறது. விசையை அழுத்துவதற்கு முன்பே என் மணிக்கட்டு உதைக்குத் தயாராகிக் குனிந்துவிட்டது, குண்டு தாழ்ந்து வயிற்றில் பட்டது. இரவு பதினோரு மணிவரை டார்ச் வைத்துக்கொண்டு இலை இலையாக ரத்தம் தேடினோம், கிடைக்கவில்லை. காலையில் ஒரு ஓடைக்குள் கிடந்தது, கொயோட்டி என்கிற அமெரிக்க ஓநாய் வகை பாதி தின்றிருந்தது. அடுத்த வாரமே அந்தத் துப்பாக்கியை விற்றுவிட்டேன்.

இப்போது வைத்திருப்பது ரூகர் சூப்பர் பிளாக்ஹாக் .44 மேக்னம், ஏழரை அங்குலப் பேரல், ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சிங்கிள் ஆக்‌ஷன், ஒவ்வொரு தடவையும் பின்னால் இருக்கிற ஹேமரை (சுத்தி) கட்டை விரலால் இழுக்க வேண்டும், வேட்டைக்கு அது குறையே இல்லை. ஒரே ஒரு குறை, பல மாடல்களில் ட்ரிகர் கார்டின் (விசையைச் சுற்றிய வளையம்) பின்பக்கம் சதுரமாக இருக்கும், உதைக்கும்போது நடுவிரல் மூட்டில் வந்து இடிக்கும். என் விரலில் இன்னும் காய்ப்பு இருக்கிறது. பிஸ்லி கைப்பிடி போட்டது கிடைத்தால் அதை எடுங்கள். விசையை இழுத்தாலே ஹேமரும் தானாகப் பின்னால் போகிற டபுள் ஆக்‌ஷன்தான் வேண்டுமென்றால் சூப்பர் ரெட்ஹாக். கொஞ்சம் கனம், ஆனால் ஸ்கோப் மாட்டுகிற வசதி அதன் சட்டத்திலேயே இருக்கிறது.

.44-இல் இன்னொரு லாபம், அதே துப்பாக்கியில் .44 ஸ்பெஷல் தோட்டாவும் போடலாம், உதை பாதிகூட இருக்காது. முதல் இருநூறு முந்நூறு ரவுண்டு அதிலேயே பழகுங்கள். பழகி முடித்ததும் சிலிண்டரில் தோட்டா போடுகிற துளைகளை பிரஷ் போட்டுத் தேய்த்துவிட வேண்டும். ஸ்பெஷல் குட்டை, அது விட்டுப்போகிற கரி வளையத்தில் மேக்னம் தோட்டா போய்ச் சிக்கிக்கொள்ளும்.

சூரமங்கலம்_தாத்தா:

ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம், இப்போது பேரப்பிள்ளைகளுக்கு ஏர் பிஸ்டல் சொல்லித் தருகிறேன். ஹூஸ்டன்காரர் சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. ஐம்பது யார்டுக்குள் என்றால் 158 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) நல்ல குண்டு போட்ட .357-ஏ மானைச் சாய்க்கும். 1935-இல் அது வந்த காலத்திலிருந்து ஆட்கள் அதை வைத்து அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 61 கிலோ பையனுக்கு .44 எதற்கு?

காலிபர் எதுவானாலும் சரி, தம்பி முதலில் தன் தூரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் கல்யாணத்துக்கு வாங்குகிற பாக்கு மட்டைத் தட்டு தெரியுமல்லவா, எட்டு அங்குலத் தட்டு, மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஏறக்குறைய அந்த அளவுதான். உட்கார்ந்து, முட்டியில் கையை ஊன்றி, ஐந்து குண்டு போடுங்கள். ஐந்தும் எந்தத் தூரம் வரை தட்டுக்குள் விழுகிறதோ அதுதான் உங்கள் தூரம், முப்பது யார்டு என்றால் முப்பதுதான். நாலு விழுந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

உதைக்கு பயந்து கை குனிகிறதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கூட இருப்பவரை சிலிண்டரில் இரண்டு மூன்று வெடிமருந்தில்லாத போலித் தோட்டாவை நடுநடுவே கலந்து போட்டுத் தரச் சொல்லுங்கள். போலித் தோட்டா வருகிற இடத்தில் துப்பாக்கி மூக்கு கீழே போனால் அது நீங்கள் செய்கிற தப்பு. இந்த வைத்தியத்தில் வெட்கப்படாத ஆள் இல்லை, நானும் வெட்கப்பட்டிருக்கிறேன்.

இடது கையைப் பேரலுக்கு அடியில் கொண்டு போகாதீர்கள், ரைஃபிள் பிடித்துப் பழகியவர்கள் செய்கிற தப்பு இது. சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் பக்கவாட்டில் நெருப்பும் வாயுவும் பீய்ச்சும். .460, .500 மாதிரியானவற்றில் அது விரலையே கிழித்துவிடும். காதை மூடாமல் ஒரு ரவுண்டுகூட வேண்டாம், பரணில் உட்காரும்போதும்தான். தகரக் கூரைக்கு அடியில் சுட்டால் அன்று முழுக்கக் காதுக்குள் ரயில் ஓடும்.

ஓமலூர்_ஹூஸ்டன்:

தாத்தா சொன்னால் எதிர்த்துப் பேசக் கூடாதுதான், ஆனாலும் .357-இல் அடிக்கிற கோணம் சரியாக அமைய வேண்டும், கொஞ்சம் பிசகி தோள் எலும்பில் பட்டால் குண்டு உள்ளே போய்ச் சேருமா என்பது சந்தேகம். 240 கிரெய்ன் .44 மறுபக்கம் வெளியே வந்துவிடும், இரண்டு ஓட்டை இருந்தால் ரத்தத் தடம் பிடிப்பது சுலபம். இருட்டில் தேடியவனுக்குத்தான் அந்த இரண்டாவது ஓட்டையின் அருமை தெரியும்.

ஸ்கோப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் வருஷம் துப்பாக்கியிலேயே இருக்கிற இரும்புக் குறியிலேயே பழகுங்கள், இல்லையென்றால் சிவப்புப் புள்ளி காட்டுகிற சின்ன ரெட் டாட். ஐம்பது யார்டுக்குக் குறி வைத்த .44, நூறு யார்டில் ஐந்தாறு அங்குலம் கீழே இறங்கிவிடும், அந்தத் தூரத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு வேடிக்கை. குரும்பப்பட்டி பூங்காவில் கம்பிக்குப் பின்னால் பார்க்கிறோமே, அதே புள்ளிமான் டெக்சாஸ் காட்டில் மந்தை மந்தையாகத் திரிகிறது. 1932 வாக்கில் இறக்கிவிட்டது, இப்போது அங்கே அதற்கு வேட்டைப் பருவமே கிடையாது, லைசென்ஸ் இருந்தால் வருஷம் முழுக்க அடிக்கலாம். நான் இதுவரை அடிக்கவில்லை. எதிரே வந்து நிற்கும்போது ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருக்கிறது.

காப்பித்தோட்டம்:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பங்களாச் சுவரில் தாத்தா காலத்துக் கொம்பு இரண்டு தொங்குகிறது, 2003-இல் அரசாங்கம் கணக்குக் காட்ட அவகாசம் கொடுத்தபோது அப்பா வனத்துறையில் எழுதிக் கொடுத்து வைத்தார். 1972 வனவிலங்குச் சட்டப்படி இங்கே மான் மேல் கை வைக்க முடியாது, இதெல்லாம் தம்பிக்கும் தெரிந்திருக்கும். நான் சொல்ல வந்தது வேறு.

அங்கே அடித்த மானின் கொம்பை ஊருக்குத் தூக்கி வந்துவிடாதீர்கள். எந்த நாட்டு மான் என்று விமான நிலையத்தில் நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், வேட்டைக்கு எடுத்துப் போகிற பையும் ஊருக்கு எடுத்து வருகிற பையும் வேறு வேறாக இருக்கட்டும். எங்கள் சொந்தத்தில் ஒரு பையன், வெளிநாட்டில் ரேஞ்சுக்குக் கொண்டு போன முதுகுப் பையையே எடுத்து வந்தான், பக்கவாட்டு ஜிப்புக்குள் ஒரே ஒரு தோட்டா. எக்ஸ்ரேயில் மாட்டிக்கொண்டது. ஆயுதச் சட்டத்தில் வழக்கு, பாஸ்போர்ட் முடக்கம், திரும்பிப் போக முடியாமல் வேலையும் போனது. தோட்டாவுக்குத் துப்பாக்கியே கூட வரவில்லை என்று சொல்லிப் பார்த்தான், எடுபடவில்லை.

நாகலூர்_பையன்:

எல்லோருக்கும் நன்றி. ஆமாம், ஹெச்1பிதான். வேட்டை லைசென்ஸ் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, கூப்பிட்ட நண்பருக்கும் தெரிந்திருக்காது, அவர் அங்கேயே பிறந்தவர். வகுப்பில் இன்று ராத்திரியே பதிவு செய்துவிடுகிறேன்.

நேற்று ஒரு சோதனை செய்து பார்த்தேன். அப்பாவின் பழைய மளிகைக் கடை எடைக்கல் ஒரு கிலோவும் அரைக் கிலோவும் மஞ்சப்பையில் போட்டு, கையை நீட்டி, மாடிச் சுவரில் ஒட்டிய பாக்கு மட்டைத் தட்டுக்கு நேராகப் பிடித்தேன். இருபது எண்ணுவதற்குள் பை ஊஞ்சல் ஆடுகிறது. இரண்டு கிலோ கல்லை மாற்றிப் போட்டுப் பார்த்தேன், பத்துக்கு மேல் எண்ண முடியவில்லை. .500 ஆசை அங்கேயே போய்விட்டது. துணி எடுக்க மேலே வந்த அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "அமெரிக்காவில் யோகா இப்படியா செய்கிறார்கள்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

.44தான், ஸ்பெஷல் தோட்டாவில் ஆரம்பிக்கிறேன். தாத்தா, உங்கள் ஏர் பிஸ்டலில் கொஞ்சம் சொல்லித் தர முடியுமா? இன்னும் பதினாறு நாள் சேலத்தில் இருக்கிறேன்.

சூரமங்கலம்_தாத்தா:

காலையில் ஆறரைக்கு வந்துவிடு, ஏழு மணிக்கு மேல் மொட்டை மாடியில் வெயில் ஏறிவிடும். தட்டு நீயே வாங்கி வா, என் வீட்டில் இருந்ததெல்லாம் பேரன் சுட்டுத் தீர்த்துவிட்டான்.